மர்ஜானுக்குக் கண்மருந்து

2016 மே 25, புதன்

கீரைக்காரி இன்றும் வரவில்லை. "பென்சன் எடுத்த பிறகு அதட்ட ஆளில்லாமல் அவளைத் துரத்திப் போட்டாய்" என்கிறார் இவர். நான் துரத்தவில்லை. ஒரு பிடிக் கீரையில் அரைவாசி புல்லாக இருந்தால் அதைச் சொல்லாமல் வேறென்ன சொல்வது?

பின்னேரம் மேல்வளவு ஜவாஹிர் வந்தார். கண்டி டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் சரிவு முழுக்க அவருடைய காணி. அவருடைய உம்மாவுக்குக் கண்புரை வெட்டிய காலத்தில் கண் கிளினிக்கில் நேர்சாக இருந்த நான்தான் கட்டுப் பிரித்து மருந்து போட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பெருநாளைக்கும் வட்டிலப்பம் வந்துவிடும்.

"மிஸ்ஸி, ஒரு கண்ணுக்கு மருந்து போடனும். உங்கட கைதான் வேணும்."

"ஆருக்கு?"

"மர்ஜானுக்கு."

"மர்ஜான் ஆர்? உங்கட சொந்தக்காரரோ?"

"மகள்ட குதிரை."

இவர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து குசினிக்குப் போய்விட்டார். ஜவாஹிர் சிரிக்கவில்லை. நுவரெலியாவில் பந்தயம் ஓடிக் களைத்த குதிரையாம். மகள் ருக்கியா கெஞ்சிக் கேட்டதால் வாங்கிக் கொடுத்தாராம். இடது கண் வரும்போதே போயிருந்தது. வலது கண்ணுக்குள் இடைக்கிடை வீக்கம் வருகிறது. வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நீர் வடிய நிற்குமாம். அந்த நேரத்தில் நாளுக்கு நாலு தரம் மருந்து விழவேண்டும், விழாவிட்டால் இந்தக் கண்ணும் போய்விடும் என்று மிருக வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஆனால் தலைக்குக் கிட்ட ஒருவரையும் அது விடுவதில்லை.

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? எருமையைக் கண்டாலே வேலிக்கு அந்தப் பக்கம் போகிறவள் நான்.

மே 26, வியாழன்

உடம்பெல்லாம் நோகிறது. கண்ணாடியின் ஒரு கால் வளைந்து போயிற்று. வைக்கோலுக்குள் தேடி எடுத்துத் தந்தவர் செல்லப்பா. குதிரையைப் பார்க்கிறவர் அவர்தான். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். போன தடவை அவருக்கும் தோளில் உதை.

மர்ஜான் நல்ல செம்பு நிறம். அழகிதான், ஒத்துக்கொள்கிறேன். நான் கிளினிக் முறைப்படி போனேன். பேச்சுக் கொடுக்காமல் கிட்டப் போய், இடது கையால் நெற்றியை அமுக்கி, கட்டை விரலால் கீழிமையை இழுத்து, நோயாளி 'ஆ' என்று சொல்லுமுன் துளி உள்ளே விழவேண்டும். நெற்றியில் கை பட்டதுதான் தெரியும். அடுத்தது நான் சுவரோடு இருந்தேன்.

"இதுக்குத்தாங்கம்மா மேலொதட்டுல கயித்தப் போட்டு முறுக்கிப் புடிப்போம்" என்றார் செல்லப்பா. "மூணு பேரு புடிச்சாலும் பாதி மருந்து வைக்கோலுக்குத்தான் போவும்."

மேலுதட்டில் அந்தத் தழும்பைப் பார்த்தேன். எனக்கென்றால் நானும் உதைத்திருப்பேன்.

ஜவாஹிர் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அவருக்கு வெட்கம். "மன்னிச்சிக்கங்க மிஸ்ஸி" என்றார். பிறகு மெதுவாக, "மத்தக் கண்ணும் போனா, இந்தச் சரிவுல குருட்டுக் குதிரைய வச்சிக்கேலா. விழுந்து கால் முறிஞ்சி கிடந்து துடிக்கிறத எனக்குப் பாக்க ஏலா. டொக்டர்ட்ட சொல்லி ஊசி போட்டு அனுப்புறதான் நல்லம். மகளுக்கு இன்னும் செல்லல்ல" என்றார்.

கல்நெஞ்சக்காரர் என்று நினைக்க முடியவில்லை.

மே 28, சனி

ருக்கியா போனையும் கொண்டு வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். வாப்பா சொல்லாததை அவள் எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறாள். போனில் வேறு தேசத்துக் குதிரைகள். கட்டில்லை, கயிறில்லை. தாங்களே வந்து ஒரு தலையணையில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கின்றன. ஊசி கூடப் போடுகிறார்கள்.

"சரியாச் செஞ்ச உடனே நாக்கால 'டொக்' எண்டு ஒரு சத்தம், அன்ட்டி. சத்தம் கேட்டா கரட். அவ்வளவுதான். அடியில்ல, புடியில்ல."

"அப்ப லஞ்சம்."

"லஞ்சம் முன்னுக்குக் குடுக்கிற. இது சம்பளம், வேலை முடிஞ்ச பொறகு."

வாய்க்காரி. எனக்குப் பிடித்திருந்தது.

இந்தத் தடவை வீக்கம் எப்படியோ தானாக வடிந்து, வலது கண் இப்போது தெளிவாக இருக்கிறது. அடுத்த வீக்கம் வருமுன் பழக்கிவிட வேண்டும், அதுதான் எண்ணம். எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. இவர் சொல்கிறார், "கிளினிக்கில ஒரு பிள்ளைக்கு ரொபி குடுத்திருப்பியோ நீ?" குடுக்கவில்லைத்தான். வரிசை வாசலைத் தாண்டி நின்றால் யார் மிட்டாய் கொடுத்துக்கொண்டு நிற்பது?

ஜூன் 7, செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. ருக்கியா வாயில் தண்ணீர் படாமல் வந்து, கரட்டை வெட்டிக் குதிரைக்குக் கொடுக்கிறாள். பார்க்கப் பாவமாக இருக்கிறது. "அது சாப்புடுறதப் பாத்தா எனக்குப் பசி போயிடும் அன்ட்டி" என்கிறாள்.

எனக்கு நாக்கால் 'டொக்' வரவில்லை. பொய்ப்பல்லு. சத்தம் போடப்போனால் மேல்தட்டு இறங்குகிறது. செல்லப்பா மறுபக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். கோபம் வந்தது, வீட்டுக்கு வந்தேன், சாமித்தட்டில் இருந்த கைமணியை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன்.

"சாமி மணியக் குதிரைக்கு ஆட்டலாமாம்மா?" என்றார் செல்லப்பா.

"பிள்ளையார் எலியிலை போறவர். குதிரையைக் கண்டால் கோவிக்க மாட்டார்."

ஜவாஹிரிடமும் கேட்டேன், உங்கள் வளவில் பூசை மணி அடிக்கலாமோ என்று. "மருந்து உள்ளுக்குப் போனாச் சரி மிஸ்ஸி" என்றார்.

இவர் மட்டும் இரவுச் சாப்பாட்டின்போது, "இனி எங்கட சாமிக்கு என்ன, கரட்டோ?" என்றார்.

ஜூன் 9, வியாழன்

மர்ஜான் தானாக வந்து தலையணையில் தாடையை வைத்தாள்! ஒரு கணம்தான். மணி அடிக்க மறந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஜூன் 24, வெள்ளி

எங்கள் பழைய தலையணைக்கு ருக்கியாவின் கிழிந்த டெனிமில் உறை தைத்து, தார்ப்பீப்பாவின் மேல் கட்டி வைத்திருக்கிறோம். மர்ஜான் லாயத்திலிருந்து வெளியே வந்ததும் நேரே அதற்குத்தான் போகிறாள். தாடையை வைத்து, காதைத் தளர்த்தி, பெருமூச்சு விடுகிறாள். தலையைத் தடவலாம், கன்னத்தைத் தடவலாம். கண்ணுக்குக் கிட்டக் கை போனால் மட்டும் தலை எழும்பிவிடும்.

எழும்பினால் கையை எடுத்துவிட வேண்டும். அதுதான் சட்டம். அதட்டக்கூடாது, பிடிக்கக்கூடாது, 'ச்சே' என்றுகூடச் சொல்லக்கூடாது. அவள் திரும்பத் தாடையை வைத்தால்தான் நாங்கள் திரும்பத் தொடங்கலாம். "வேணாம் எண்டு சொல்ல வழி இருந்தாத்தான் ஓம் எண்டு சொல்லுவா" என்கிறாள் ருக்கியா.

வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரு நோயாளியை நான் இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கு இது லேசில்லை. கை துறுதுறுவென்கிறது. இமையை இழுத்து விட்டுவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும் வேலை! இன்றைக்கு இரண்டு கையையும் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

அவள் தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். திரும்பத் தாடையை வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னத்துக்கு அழுதேன்?

ஜூலை 6, புதன்

பெருநாள். வட்டிலப்பம் வந்தது, கூடவே புரியாணியும். ருக்கியா புதுச் சட்டையோடு லாயத்துக்கு ஓடி வந்தாள். இன்றைக்கு முதல் தரம் கண்ணிமையில் ஈரப் பஞ்சு பட்டது. மர்ஜானுக்குக் கித்துள் கருப்பட்டி, பெருநாள் காசு மாதிரி.

ஜூலை 30, சனி

மருந்துக்குப் பதில் உப்புத் தண்ணீர் ஒரு துளி, கண்ணுக்குள்ளே, நேராக. தலை அசையவில்லை. மணி. கருப்பட்டி.

கடவுளே, உமக்கு நன்றி. ருக்கியாவுக்கும் நன்றி. வீட்டில் சும்மா இருந்து துருப்பிடித்துப் போகவிருந்த இந்தக் கைகளைக் கேட்டு வந்த ஜவாஹிருக்கும். வேலையை விட்ட நாளிலிருந்து, காலையில் எழும்பும்போது இன்றைக்கு யாருக்கு நான் தேவை என்று யோசித்துக்கொண்டு கிடப்பேன். இவருக்கு அதைச் சொன்னதில்லை. இப்போது காகம் கத்துமுன் எழும்பிக் கரட் வெட்டுகிறேன்.

ஆகஸ்ட் 13, சனி

கரட் சம்பல், கரட் பிரட்டல், கரட் சொதி. மிஞ்சினதை வீணாக்க மனமில்லை. இவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துவிட்டுக் கனைத்துக் காட்டுகிறார்.

செப்டம்பர் 5, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. எழுதவே கை வரவில்லை. உதடு வெடித்து வீங்கியிருக்கிறது.

பிழை என்னுடையது. முழுப் பிழையும்.

சரிவுக்குக் கீழே ரோட்டோரம் சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. வழக்கமாக அங்கே விடியற்காலையில் ஒரு பூசை, பொழுதுபட ஒரு பூசை. நாங்கள் பழக்குவது பத்து மணிக்குப் பிறகு. அதனால் இதுநாள்வரை ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்குச் சதுர்த்தி அபிஷேகம். நான் துளிப் போத்தலை அவள் கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்த நேரம் கீழே மணி அடிக்கத் தொடங்கியது.

மணி என்றால் 'முடிந்தது, சரி, தலையை எடு, சம்பளம் வாங்கு'. நாங்கள்தானே அப்படிப் படிப்பித்தோம்? அவள் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை மாதிரித் தலையை எடுத்தாள். போத்தலின் முனை அவள் கண்ணோரத்தைக் கீறியது, அவளுடைய மண்டை என் வாயில் அடித்தது. கோயில் மணி நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கரட் எங்கே, கரட் எங்கே என்று சுற்றிச் சுற்றித் தேடினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்தேன். கொடுக்க ஒருவருமில்லை.

சாமித்தட்டு மணியை எடுத்துக்கொண்டு போன எனக்கு, அதே மணி கோயிலிலும் இருக்கும் என்று ஒருக்காலாவது தோன்றியிருக்க வேண்டாமா? நாள் தவறாமல் கும்பிடுகிறவள்.

செப்டம்பர் 6, செவ்வாய்

வரமாட்டாளாம். தலையணையைக் கண்டதும் பின்னுக்குப் போறாள். கிட்டப் போனால் குருட்டு வெள்ளைக் கண்ணை என்ர பக்கம் திருப்பிக்கொண்டு நிக்கிறாள், பாக்கவே பிடிக்கேல்லை எண்டமாதிரி. எனக்கு என்ன தெரியும் குதிரையைப் பற்றி? என்னத்துக்கு இதுக்குள்ளை தலையைக் குடுத்தன்? இனி வீக்கம் வந்தால் திரும்பக் கயிறு, திரும்ப உதடு முறுக்கல் – பிறகு ஊசி.

செல்லப்பா தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். "நீங்க நேத்து கத்தலீங்கம்மா. அம்புட்டு ரத்தம் வந்தும் அத அடிக்கல. அது பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றார்.

அந்த வார்த்தைக்காக அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. நான் சொன்னது, "தேத்தண்ணிக்குச் சீனி காணாது."

செப்டம்பர் 10, சனி

மணியைச் சாமித்தட்டில் திருப்பி வைத்தாயிற்று. இனி ஒரு சொல் வேண்டும். செல்லப்பா 'சபாசு' என்றார். அது அவரே நாளெல்லாம் சொல்லுகிற சொல். ருக்கியா ஏதோ இங்கிலீசில் சொன்னாள். அந்த வளவில் ஒருவரும் தற்செயலாகச் சொல்லிவிடாத சொல்லாக இருக்கவேண்டும்.

"கெட்டிக்காரி" என்றேன்.

யாழ்ப்பாணத்து உச்சரிப்போடு, கடைசி 'ரி'யை நீட்டி. ருக்கியாவுக்கு அது நல்லாய்ப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர் பேப்பரை இறக்கி, "நாலு பிள்ளை வளத்தனாங்கள். ஒருதருக்கும் அந்தச் சொல் உன்ர வாயிலை வரேல்லை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

முதலிலிருந்து தொடங்குகிறோம். தலையணையைப் பார்த்தாலே ஒரு 'கெட்டிக்காரி', ஒரு கரட்.

செப்டம்பர் 29, வியாழன்

தாடை வைத்துவிட்டாள். கோபம் தீர்ந்தது. குதிரை மனிதரைவிடச் சீக்கிரம் மன்னிக்கும் போலிருக்கிறது.

அக்டோபர் 14, வெள்ளி

வந்துவிட்டது. விடியவே செல்லப்பா கேற்றில் நின்றார். "அம்மா, கண்ண மூடிக்கிட்டு நிக்கிது."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். போகும் வழியெல்லாம் ஒரே எண்ணம்: உப்புத் தண்ணீருக்குத் தலை வைப்பது வேறு, நோகிற கண்ணுக்கு வைப்பது வேறு. கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். பெரிய பெரிய ஆம்பிளைகள், கண் சிவந்து வந்தால் பிள்ளைகள் மாதிரித் துவாயை முகத்தில் அமுக்கிக்கொண்டு என்னைக் கிட்ட விடமாட்டார்கள்.

லாயத்து மூலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். கன்னம் நனைந்து மயிர் ஒட்டியிருந்தது. கதவைத் திறந்து விட்டோம். கூப்பிடவில்லை. ஜவாஹிர் கடைக்குப் போகாமல் தள்ளி நின்றார்.

வெகுநேரம் அவள் அசையவில்லை. பிறகு மெல்ல நடந்து வந்தாள். பீப்பாவை மூக்கால் தேடித் தாடையை வைத்தாள். வைத்து, மூச்சு விட்டாள்.

அற்றோப்பின் மருந்து ஒரு துளி. உள்ளே. தலை எழும்பவில்லை. 'கெட்டிக்காரி' என்று ருக்கியா முந்திச் சொன்னாள்.

அக்டோபர் 21, வெள்ளி

நாளுக்கு நாலு தரம் ஏறி இறங்குகிறேன். முழங்கால் கிறீச்சிடுகிறது. மழையில் இரண்டு தரம் சறுக்கி விழுந்தேன். ஒரு துளியாவது வைக்கோலில் விழவில்லை! மிருக வைத்தியர் பேராதனையிலிருந்து வந்து பார்த்தார். சிங்களப் பிள்ளை, நல்ல கைப்பக்குவம். வீக்கம் வடிந்திருக்கிறது என்றார். நான் துளி போடுவதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். இவருக்கு அதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

நவம்பர் 9, புதன்

மூன்று கிழமைகூட ஆகவில்லை. திரும்ப வந்துவிட்டது. முந்தியதைவிடப் பலமாக.

நவம்பர் 12, சனி

போடுகிறோம். அவள் வருகிறாள், வைக்கிறாள், போடுகிறோம். கண்ணுக்குள்ளே மூடுபனிப் புகார் படிந்தமாதிரி இருக்கிறது. பார்வை போகுமுன் வருகிற அந்தப் புகாரைக் கிளினிக்கிலிருந்தே எனக்குத் தெரியும். ஒருவருக்கும் சொல்லவில்லை.

நவம்பர் 20, ஞாயிறு

வைத்தியர் விரலைக் கண்ணுக்கு முன்னே ஆட்டினார். இமை மூடவில்லை. திரும்ப ஆட்டினார். பஞ்சுத் துணுக்கை மேலிருந்து விழவிட்டார். ஒன்றுமில்லை.

"மருந்தில் பிழையில்லை, மிஸ்ஸி. நோய் பெரிது" என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கு விளங்கியது. கண் நோவுக்குத் துளி தொடர்ந்து போடவேண்டும். பார்வை வராது.

ருக்கியா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் வீட்டுக்கு வந்து சோற்றுக்கு அரிசி கழுவினேன், கழுவிக்கொண்டே நின்றேன். இவர் வந்து பானையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 21, திங்கள்

மேல்வீட்டில் சண்டை. நான் போனபோது முற்றத்திலேயே நடக்கிறது.

பார்வையில்லாத குதிரைகளும் இருக்கின்றன, நிலம் சமமாக, சுற்றிவர வேலி இருந்தால் வாழும் என்று வைத்தியர் சொன்னாராம். அந்தச் சரிவில் சமமான நிலம் ஒன்றே ஒன்றுதான். ருக்கியாவுக்குக் கல்யாணத்தோடு கொடுக்க வீடு கட்டவென்று போன வருசம் டோசர் விட்டு வெட்டிய துண்டு. அத்திவாரக் கல்லும் வந்து இறங்கியிருக்கிறது.

"அதக் குடுங்க வாப்பா. வீடு பொறகு கட்டலாம்."

"மாப்பிள்ளை ஊட்டுக்கு என்ன செல்லுற? வீட்டுக் காணியில குதிரை கட்டியீக்கி எண்டா? எங்கட ஆக்கள் மூஞ்சில சிரிக்க மாட்டாங்களா? மகளுக்கு ஊடு குடுக்க ஏலாத மனுசன் எண்டு செல்ல மாட்டாங்களா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "காணி குடுத்தாலும், கண்ணில்லாத மிருகம் பயந்து அடிச்சிக்கொண்டு சாவும் மகள். அது எனக்குப் பாவம்."

சனிக்கிழமை வைத்தியர் ஊசியோடு வருவார். ருக்கியா கதவைச் சாத்திக்கொண்டாள்.

அது அவர்கள் வீட்டு விசயம், என் வாய்க்கு அங்கே இடமில்லை. ஆனால் இந்த மாதங்களுக்காக யாருக்காவது நன்றி சொல்லவேண்டும் போல இருந்தது. லாயத்துக்குப் போய் அவளுக்கே சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 26, சனி

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

கடைசித் துளியை நான் போடுகிறேன் என்று கேட்டிருந்தேன். நோவோடு போகக்கூடாது. வைத்தியர் பெட்டியோடு புல்லில் நின்றார். அவள் விழுவதற்கு இடம் வேண்டுமென்று பீப்பாவையும் தலையணையையும் செல்லப்பா காலையிலேயே உருட்டிக் கொண்டுபோய் ஒதுக்கி வைத்துவிட்டார். ருக்கியா வரவில்லை.

ஜவாஹிர் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தார். இத்தனை மாதத்தில் அவர் அவளுடைய தலையைத் தொட்டதில்லை, பயம். இன்றைக்குத் தன் கையால் கொடுத்து அனுப்பவேண்டுமாம்.

"மர்ஜான்" என்று கூப்பிட்டார்.

அவள் லாயத்திலிருந்து வந்தாள். தடுமாறவில்லை. பீப்பா இருக்கும் இடத்துக்கு நேரே வந்து நின்று, தலையைத் தாழ்த்தித் தேடினாள். இல்லை. இன்னும் கொஞ்சம் தேடினாள். ஜவாஹிர் கருப்பட்டியை நீட்டிக்கொண்டு நின்ற கை அவளுடைய கழுத்தில் பட்டது. தலையைத் திருப்பி, அவருடைய முழங்கைக்குக் கீழே தாடையை வைத்தாள். காதைத் தளர்த்தினாள். மூச்சு விட்டாள்.

"மிஸ்ஸி, இது என்ன செய்யிது?"

"மருந்துக்கு நிக்கிறா."

"கண்தான் போயிட்டே?"

"மருந்து இன்னும் வரும் எண்டு நினைக்கிறா. அவவுக்கு நாங்கள் ஒண்டும் சொல்லேல்லையே."

துளியைப் போட்டேன். அசையவில்லை. சொல்லைச் சொன்னேன். தலையை எடுத்து, அவர் கையிலிருந்து கருப்பட்டியை உதட்டால் பொறுக்கிக்கொண்டாள். திரும்பத் தாடையை அதே இடத்தில் வைத்தாள். இன்னொரு துளியும் போடலாம் என்பதுபோல.

ஜவாஹிர் என்னைப் பார்க்கவில்லை. "காணாமக் கொள்ளாம எப்புடி வந்த?" என்று யாரிடமோ கேட்டார்.

செல்லப்பா சொன்னார்: "ரெண்டு கெழமையா இப்புடித்தாங்க மொதலாளி வருது. கண்ணு என்னிக்குப் போச்சுன்னே நமக்குத் தெரியல. அது பாட்டுக்கு வந்து வச்சிக்கிட்டுத்தானே நின்னுச்சு. பயந்து அடிச்சிக்கிற மிருகமா இருந்தா அன்னிக்கே அடிச்சிருக்கும்ல?"

மழை தூறத் தொடங்கியது. வைத்தியர் பெட்டிக்கு மேலே குடை பிடித்தார். குதிரைத் தலை என்ன பாரம் என்று எனக்குத் தெரியும். ஜவாஹிர் மற்றக் கையால் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டார்.

"கை மரத்துப் போகும். எடுங்கோவன்" என்றேன்.

"அதுவா எடுக்கட்டும், மிஸ்ஸி."

நின்றார். சேட்டு நனைந்து ஒட்டும்வரை நின்றார். கடைசியில் வைத்தியரைப் பார்த்து, "டொக்டர், பெட்டிய உள்ளுக்கு வைங்க. வந்து தேத்தண்ணி குடிங்க" என்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அப்படி ஒரு சத்தத்தை நான் அவரிடம் கேட்டதில்லை. மர்ஜான் அந்தச் சத்தத்துக்கும் தலையை எடுக்கவில்லை.

நவம்பர் 27, ஞாயிறு

தூங்கி எழும்பியும் நம்ப முடியவில்லை. நன்றி, நன்றி, நன்றி. வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

டிசம்பர் 11, ஞாயிறு

மழை. வீட்டுக் காணியைச் சுற்றி வேலி எழும்பிவிட்டது, வழவழப்பான கம்புகள், மூலை ஒன்றுகூட இல்லாமல் வட்டமாக. அத்திவாரக் கல்லை ஓரமாய் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "வீடு ஒரு வருசம் பிந்தும், மகள்ட குதிரை முந்திக் குடியேறிட்டு எண்டு சென்ன" என்றார் ஜவாஹிர். "அவங்க சிரிச்சாங்க மிஸ்ஸி. நல்ல மாதிரித்தான் சிரிச்சாங்க."

இன்று காலை கரட் வெட்டி வைத்துவிட்டுக் குடையை எடுத்தேன். போன் அடித்தது.

"மிஸ்ஸி, நீங்க மழையில ஏறி வர வேணாம். மருந்து நான் போட்டுட்டன்."

"நீங்களோ? தனியவோ?"

"தனியத்தான். என்ட கையிலதான் தாடைய வைக்கிறா இப்ப. பீப்பாக்குப் போறல்ல."

"துளி முழுக்க உள்ளை விழுந்ததோ? கன்னத்திலை ஒழுகேல்லையோ?"

"ஒரு சொட்டு வெளியால போகல்ல."

அப்படியெல்லாம் முதல் நாளே விழாது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. எனக்குப் பொறாமை, உள்ளபடி எழுதினால். குடையைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன்.

பிறகு உள்ளே வந்து, வெட்டின கரட்டை இவருக்கு நீட்டினேன். இன்றைக்குக் கனைக்காமல் சாப்பிட்டார்.